பாலை: நிலமா, நிலையா?

பாலைத்திணையை மாணவர்க்கு அறிமுகஞ் செய்யும் நூல்கள் பல அதனை 'மணலும் மணல் சார்ந்த இடமும்' என்று கூறிவிட்டு அப்பாற் செல்கின்றன. மலை, காடு, வயல், கடல் என்னும் வாய்பாட்டில் ஐந்தாவதையும் எளிதாய் அடக்கிவிடும் வசதி இதில் உண்டு, உண்மை இல்லை. தொல்காப்பியர் பகுத்த நிலம் நான்கே. பாலைக்கு அவர் நிலங் கூறாது பொழுதே கூறினார்: வேனிலும் நண்பகலும், அவற்றோடு பின்பனியும். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி கூறுமிடத்தில் இளங்கோவடிகள் இதனைத் தெளிவாக்குகின்றார். வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் தன்மை கெட்டு மாறிய கோலமே பாலை என்பது அவர் கருத்து. ஆகவே பாலை தனி நிலமன்று. வறட்சியால் நிலம் அடையும் நிலை.

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. அகநானூற்றின் 400 பாடல்களுள் 200 பாலைத்திணையின. அவற்றில் தார்ப் பாலைவனத்தைத் தேடுவோர் ஏமாறுவர். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டொன்றில் (37) களிறு தன் பிடியின் பசி தீர்க்க யாமரத்தின் பட்டையை உரிக்கின்றது. அவரது கலித்தொகைப் பாட்டொன்றில் (11), கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிய பின்னரே களிறு தான் உண்கின்றது. மணற்காட்டில் யானைக் குடும்பம் வாழுமா? இங்கே மரம் நிற்கின்றது. பட்டையில் ஈரம் இருக்கின்றது. நீர் குறைந்துளதேயன்றி முற்றும் வற்றிற்றில்லை. மழை வரின் தளிர்க்குங் காடு அது. பிரிந்தவன் மீள்வான் என்னுந் தேற்றுரைக்கு அக்களம் பொருந்துவதும் அதனாலேயே. அன்பின் சிறப்பை மட்டும் எடுத்துரைத்து, காய்கின்ற காட்டை உற்றுநோக்கிய கண்ணை நம் விரிவுரைகள் மறந்துவிடுகின்றன.

நிலம் இவ்வாறு திரிதற்குக் காரணம் யாது? பழைய விடைகளிற் பெரும்பான்மையன அறத்தின்பாற்பட்டன. மழை தவறினும் விளைவு குறையினும் பழி அரசனையே சாரும் எனச் சோழன் கிள்ளிவளவனுக்கு வெள்ளைக்குடி நாகனார் நினைவூட்டுகின்றார் (புறம் 35). ஆள்வோனைத் தட்டிக்கேட்க இஃதொரு வாயிலாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இதே கருத்து உரைபெறு கட்டுரையில் எங்கே கொண்டுபோய் விடுகின்றது? கோவலன் கொலையுண்டபின் மழையிழந்த பாண்டிநாட்டில், வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று சாந்தி செய்ய மழை பெய்ததாம்! அதே கட்டுரையில் நம் நாட்டுக் கயவாகு மன்னன் கோட்டம் எடுத்து விழாவே அயர்கின்றான், மழை பெருகுகின்றது. குற்றவாளியைத் தேடும் மனம் குருதியிலும் நிற்கலாம், விழாவிலும் நிற்கலாம். நிலத்தை அது நோக்குவதில்லை.

நிலத்தை நோக்கியவர் குடபுலவியனார். வானையே நம்பிய நிலம் எத்துணை அகன்றதாயினும் அரசன் முயற்சிக்கு உதவாது, ஆதலின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்று அவர் பாண்டியன் நெடுஞ்செழியனை வேண்டுகின்றார் (புறம் 18). அப்பாட்டில் உணவளித்தலைப் போற்றும் பகுதி மேடைதோறும் முழங்குகின்றது. நீர்நிலை அமைக்கச் சொன்ன பகுதியை அருகியே கேட்கின்றோம். இளங்கோவடிகள் பாலையாகத் திரிவனவற்றுள் மருதத்தைச் சேர்க்காமையை இதனோடு வைத்து எண்ணுக. நீரைப் பிடித்துவைத்த நிலம் எளிதிற் பாலையாவதில்லை என்று கொள்ள அது இடந்தருகின்றது. பாலையை மணல்நிலம் என்றே மனனஞ் செய்த மாணவனுக்கு, இவ்விரு புலவரும் ஒரே பொருள் பற்றிப் பேசுகின்றனர் என்பது எவ்வாறு புலப்படும்?