ஓடையோர வல்லாரை

மலைமேல் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள், ஈரம் கசியும் ஓடையோரத்தில் வல்லாரை படரும். வட்ட இலை, காம்புப் பக்கம் மட்டும் ஒரு பிளவு. துவையலுக்கும் ஞாபகசக்திக்கும் என்று நாம் ஒதுக்கிவிட்ட கீரை. சித்த மருத்துவம் இதைத் தோலுக்கும் சொல்லியிருக்கிறது, கேட்டவர்கள் குறைவு. கொரியாக்காரர்களோ சிவந்து எரியும் முகத்துக்குக் கொண்டுபோனார்கள். 'சிக்கா' என்று விற்கும் கிரீம்களில் இருப்பது இதன் சாறுதான். இலையிலுள்ள ஆசியாட்டிகோசைடு, மடிகாசோசைடு போன்றவை அழற்சியைத் தணிப்பவை. கொலாஜன் உருவாகவும் துணைசெய்பவை. எனக்குப் பிடித்தது டப்பாவைவிட அவர்கள் பக்குவம்தான்: அழுத்தித் தேய்க்காமல், விரல்நுனியால் மெல்ல ஒற்றும் பொறுமை. மலைக்குளிரில் வறண்ட கன்னம் அதைத்தான் கேட்கும். அதற்காகப் பச்சிலையை அரைத்து அப்பிவிடாதீர்கள்; சிலருக்கு ஒவ்வாமை வரும். எந்தக் கிரீமானாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள்.