வலது கால் கியர்

இரும்பு சிலிண்டர் புல்லட் ஓட்டியவர்களில் இரண்டு ரகம் உண்டு. கிக்கரை மாறி மாறி உதைத்து வேர்த்துப்போகிறவர்கள் ஒரு ரகம்; ஆம்பியர் மீட்டரைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னொரு ரகம். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல மிதித்தால், ஓரிடத்தில் கால் தடைபடும். காற்றை அமுக்கிக்கொண்டு பிஸ்டன் மேலே வந்துவிட்டது. டீ-கம்ப்ரஸர் விசையைப் பிடித்து அந்த அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, இன்னும் ஒரு நூல் தள்ளினால் பாயிண்ட் திறக்கும். மீட்டர் முள் நடுவுக்கு வரும். விசையை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உடம்பையும் இறக்கி ஒரே உதை. அரைகுறையாக உதைத்தால் திருப்பியடிக்கும். கணுக்கால் வீங்கிய இளைஞர்களை எத்தனையோ மெக்கானிக் கடைகளில் பார்த்தாயிற்று.

பிறகு வருவது அந்தச் சத்தம். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; மொத்தம் 346 சி.சி. விட்டத்தைவிட நீண்ட அந்த ஓட்டமும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து எஞ்சினை நிதானமாகச் சுழல வைக்கின்றன. ஐடிலிங்கில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அருமை தெரியும். பக்கத்தில் எஸ்டிக்காரர் கியரை மாற்றி மாற்றித் திருகிக்கொண்டிருப்பார். புல்லட்டோ கிழட்டு யானைபோல அதே நடையில் ஏறிக்கொண்டிருக்கும். எஸ்டியும் நல்ல வண்டிதான். மைசூர்க்காரர்களின் அந்த வண்டியில் கிக்கரே கியர் லீவராகவும் மாறும் சாமர்த்தியத்தை நான் மெச்சுவேன். 1983இல் வந்த ராஜ்தூத் 350 வேகப்பிரியர்களுக்கானது; எனக்கில்லை.

டேப்பட் இடைவெளி கூடினால் ஒரு 'டிக்', டைமிங் முந்தினால் ஏற்றத்தில் ஒரு கிலுகிலுப்பு. ஆயுள் முழுக்க இந்த வண்டி பழக்கியது கையையோ காலையோ அல்ல, காதைத்தான். சைலன்ஸரின் உள்குழாயைப் பிடுங்கிவிட்டுத் தெருவையே எழுப்புகிறவர்கள் இதில் எதைக் கேட்கிறார்களோ!

1955இல் மதராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. 1970இல் அங்கே கடையைக் கட்டிவிட்டார்கள். இங்கே திருவொற்றியூர் ஆலையில் மட்டும் புல்லட்டின் 1950களின் அதே வடிவம் பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. அதைச் சோம்பல் என்றவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்தச் சோம்பலால்தான் அப்பாவின் வண்டிக்கு மகன் வாங்கிய பாகம் பொருந்தியது. டேங்கின் பொன்நிறக் கோடுகளை அங்கே தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். அளவுகோல் வைக்காமல், வளைவோடு வளைவாக, ஒரே மூச்சில். ஸ்டிக்கர் ஒட்டிய டேங்கை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த பாகம் எதுவென்றால், கியர் பெட்டியில் குதிகாலுக்கென்றே இருந்த சின்ன நெம்புகோல். பழைய புல்லட்டில் கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. சிக்னலில் நான்காவதிலோ மூன்றாவதிலோ வந்து நின்றாலும், கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் ஒரு மிதி, நேராக நியூட்ரல். ஒவ்வொரு கியராகத் துழாவும் வேலையே இல்லை. கியர் இடது காலுக்கு மாறிய பின் அது காணாமல் போயிற்று. இத்தனை சொகுசுகளைச் சேர்த்தவர்கள் அந்த ஒன்றை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்று எந்த மெக்கானிக்கும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை.