யாருடைய கேள்வித்தாள்?

வெளிநாட்டுப் பணத்தில் நடக்கிற எந்தப் படிப்பையும் 'ஏகாதிபத்தியச் சதி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. முடித்துவிட்டால் யோசிக்கிற வேலை மிச்சம். நைரோபியில் இயங்கும் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வுக் கூட்டமைப்பு இந்தப் பழக்கத்திற்கு நல்ல சோதனை என்று நினைக்கிறேன்.

கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்டது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம், ராக்பெல்லர் அறக்கட்டளை, உலக வங்கி எனப் பலர் நிதி தந்தார்கள். 1993இல் ஆங்கிலவழி ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றை இணைத்துக் கூட்டு முதுகலைப் படிப்பு ஆரம்பமாயிற்று. நுண்பொருளியல், பேரியல் பொருளியல், அளவை முறைகள் ஆகிய மூன்றும் அடிப்படைப் பாடங்கள். இவற்றை அவரவர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, விருப்பப் பாடங்களுக்காக எல்லோரும் சில மாதங்கள் நைரோபியில் கூடுவார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. லண்டன் போய்த் திரும்பாமலே இருந்துவிடுவதற்குப் பதில் சொந்த மண்ணிலேயே படிக்க ஒரு வழி கிடைத்தது. இதை மறுக்கிற விமர்சனம் நேர்மையானதல்ல.

சரி, ஆசிரியர்கள் ஏன் போனார்கள்? 1980களில் கட்டமைப்புச் சீரமைப்பு என்ற பெயரில் அரசுச் செலவை வெட்டச் சொன்னவை உலக வங்கியும் சர்வதேச நிதியமும்தான். ஆரம்பக் கல்வியில் போடுகிற பணத்திற்குச் சமூக வருவாய் அதிகம், உயர்கல்வியில் குறைவு என்று வங்கியின் பொருளியலாளர் ஜார்ஜ் சாக்கரோபுலஸ் கணக்குப் போட்டார். பல்கலைக்கழகங்களைப் பட்டினி போடுவதற்கு அந்தக் கணக்கே நியாயமாயிற்று. வரலாறும் தத்துவமும் இலக்கியமும் காய்ந்து கிடக்க, பொருளியலுக்கு மட்டும் தனி இலை போடப்பட்டது. நோயைக் கொடுத்த அறிவே வைத்தியராகவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அங்கே பொய் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதல்ல என் வாதம். எது கேள்வி, எது கேள்வியே அல்ல என்று 'தரம்' என்ற சொல் தீர்மானிக்கிறது. அதிகாரம் வேலை செய்யும் இடம் அதுதான். 'ஐரோப்பா ஆப்பிரிக்காவை எவ்வாறு பின்தங்க வைத்தது' என்ற நூலை வால்டர் ரோட்னி 1972இல் வெளியிட்டபோது தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். நாம் ஏன் ஏழையானோம், யார் கொண்டுபோனது என்ற அந்தக் கேள்வியை இந்த மூன்று பாடங்களின் இலக்கணம் தடை செய்யவில்லை. அங்கே அது எழுவதே இல்லை, அவ்வளவுதான்.

பணம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றும் சொல்லிவிட முடியாது. டாக்காரில் 1973இல் தோன்றிய கோடெஸ்ரியாவும் வெளிநாட்டு நிதியில்தான் நடந்தது. ஆனால் தண்டிகா ம்கண்டவிரே அதற்குத் தலைமை வகித்த காலத்தில் கட்டமைப்புச் சீரமைப்பையே விசாரணைக்கு இழுத்தார்கள். ஆக, காசு யாருடையது என்பதோடு கேள்வித்தாளை எழுதுவது யார் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

வகுப்பறைக்குள் எழாத கேள்வி தெருவில் எழும். கென்ய மத்திய வங்கி ஆளுநராக இருந்து, பின்பு இந்தக் கூட்டமைப்பின் நிர்வாக இயக்குநரான ஞ்சுகுனா ந்டுங்குவை 2022இல் நிதியமைச்சர் ஆக்கினார்கள். நிதியத்தின் கடன் திட்டத்திற்குள் நாடு இருக்கையில் 2024இன் வரி மசோதா வந்தது. ரொட்டிக்கு 16 சதவீத வரி என்ற யோசனையைக் கைவிட்டும் கோபம் தணியவில்லை. ஜூன் 25 அன்று இளைஞர்கள் நாடாளுமன்றத்திற்குள் புகுந்தார்கள். போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். மறுநாள் மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்றார் ஜனாதிபதி ரூட்டோ. ஜூலையில் அமைச்சரவையே கலைந்தது.

இதை ஒரு தனிமனிதர் தலையில் கட்டுவது சுலபம், பயனற்றது. வரி வசூலை எப்படி உயர்த்துவது என்பதற்கு அந்தப் படிப்பில் பதில் இருக்கலாம். கடனை யார் வாங்கினான், யார் தின்னான் என்று தெருவில் நின்றவர்கள் கேட்டார்கள். பொதுக்கடனைத் தணிக்கை செய்யச் சொன்னார்கள். அது பொருளியல் கேள்வி இல்லையா? இல்லை என்றால், அப்படிச் சொல்லுகிற உரிமையை யாருக்கு, எப்போது நாம் கொடுத்தோம்? இந்த இடத்திலிருந்து விவாதத்தைத் தொடங்கலாம் என்பது என் கருத்து.