வசீகரக் கொள்ளையனும் செம்மரக் கூலியும்

கொள்ளைக்காரனைப் பற்றிய எந்தப் படத்திலும் முதலில் விலைபோவது அவன் முகம்தான். டேவிட் லோவரியின் 'தி ஓல்ட் மேன் அண்ட் த கன்' (2018) ஃபாரஸ்ட் டக்கர் என்ற நிஜ வங்கிக் கொள்ளையனின் கதை. 1979ல் சான் க்வென்டின் சிறையிலிருந்து தானே செய்த படகில் தப்பியவன் டக்கர். படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் கோட்டை விலக்கித் துப்பாக்கியைக் காட்டுகிறார், சிரிக்கிறார், பணத்தோடு போய்விடுகிறார். பறிகொடுத்தவர்களே போலீசிடம் 'நல்ல மனுசன்' என்கிற ரீதியில் சாட்சி சொல்கிறார்கள். வங்கிப் பணம் யாருடைய பணமும் இல்லை என்ற எண்ணத்தின் மேல்தான் இந்தச் சிரிப்பு நிற்கிறது. தப்பித்தல் காட்சிகளுக்கு நடுவே ரெட்ஃபோர்டின் இளவயதுப் படத்துண்டு ஒன்றையும் லோவரி செருகுகிறார். டக்கரின் கடந்தகாலமும் நட்சத்திரத்தின் கடந்தகாலமும் ஒன்றாகிவிடுகின்றன.

நம்மிடம் 'மலையூர் மம்பட்டியான்' (1983), 'சீவலப்பேரி பாண்டி' (1994) இரண்டும் நிஜ ஆட்களிலிருந்து வந்த படங்கள். இங்கே வசீகரம் ஊர் ஜனங்களின் அன்பிலிருந்து பிறப்பதாகக் காட்டப்படுகிறது. ஹாப்ஸ்பாம் 1969ல் 'சமூகக் கொள்ளையன்' என்று வரையறுத்த ஆள் இவன்தான். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் பெரிய மனிதர்களுக்கே வேலை செய்தார்கள் என்று ஆன்டன் ப்ளாக் 1972ல் மறுத்தார். ஆனால் இருவருமே பேசுவது பேர் கொண்ட ஒருவனைப் பற்றி. பேர் இல்லாதவனை என்ன செய்வது?

இந்தக் கேள்வியை ஜவ்வாது மலையில் வைத்துத்தான் நான் கேட்க விரும்புகிறேன். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை. சந்தனம் அழிந்தபின், மரம் வெட்டிப் பழகிய மலையாளிப் பழங்குடி ஆட்களைத் தேடி ஏஜெண்டுகள் வந்தார்கள். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டக் கூலி. சாமையும் வானமும் பொய்த்த வீட்டில் அட்வான்ஸ் பணத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

அதே காட்டில் நடக்கிறது சுகுமாரின் 'புஷ்பா' (2021). கதாநாயகன் கூலியாகத் தொடங்கிக் கடத்தலின் தலைவனாகிறான். அந்த நடிப்புக்காக அல்லு அர்ஜுனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அவனுடைய அடையாளம் ஒரு பக்கமாகத் தூக்கிய தோள். அந்தத் தோளைப் பார்த்தபோது எனக்குக் கட்டை சுமக்கும் தோள்தான் தெரிந்தது. செம்மரம் சாதாரணக் கனமில்லை, தண்ணீரில் போட்டால் முழுகிற மரம். அதை இருட்டில் மைல் கணக்காகத் தூக்கி வருபவனுக்குத் தோள் ஒரு கருவி. திரையில் அது ஸ்டைல். சுமையின் தழும்பைப் பிடுங்கி நட்சத்திரத்தின் முத்திரையாக்கியதே இந்தப் படத்தின் கொள்ளை என்பேன்.

'அவனும் கூலிக்காரன்தானே, கீழேயிருந்து மேல வர்றான், அதுல என்ன தப்பு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலிக்காரன் கனவு காணக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் அவன் தோளிலிருந்து இறங்கிய கட்டை யார் தோளுக்குப் போனது என்பது படத்துக்குப் பொருட்டே இல்லை. ஒருவன் மேலே வரும்போது மற்றவர்கள் பின்னணிக் கூட்டமாகிவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தை நாம் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள் என்றது போலீஸ். பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன உரிமை இயக்கங்கள். பத்திரிகைகளில் வந்தது ஓர் எண், பக்கத்தில் அடுக்கிய கட்டைகளோடு கிடந்த உடல்களின் படம்.

டக்கருக்குத் தப்பிக்கப் படகு இருந்தது, சொல்ல ஒரு கதை இருந்தது. வசீகரமும் ஒரு சொத்துதான். அதுவும் எல்லோருக்கும் பங்கு வைக்கப்படுவதில்லை. செத்தவர்களை இன்னொரு மம்பட்டியானாக்கும் படம் எனக்கு வேண்டாம். ஒரு கட்டை எத்தனை கிலோ, அதற்கு என்ன கூலி, அட்வான்ஸைக் கொடுத்தவன் எந்த ஊர்க்காரன், மரம் எந்தத் துறைமுகம் வழியாகப் போகிறது என்று கேட்கிற படம் வேண்டும். அதில் சிரிக்கிற முகம் எதுவும் இல்லாமல் போகலாம். பரவாயில்லை.