பெட்டியில் அச்சாகும் ஜூல்கள்

2023 ஆகஸ்டில் கான்பூரில் ‘பிரபல்’ என்ற ரிவால்வர் அறிமுகமானபோது செய்திகளில் ஓர் எண்தான் முன்னால் நின்றது: 50 மீட்டர். மற்ற ரிவால்வர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான தூரம் என்றார்கள். .32 கலிபர், 76 மில்லிமீட்டர் குழல். அந்தக் குழலை விட்டு ரவை என்ன வேகத்தில் புறப்படுகிறது, 50 மீட்டரில் சுட்ட ரவைகள் எவ்வளவு அகலத்துக்குள் விழுகின்றன என்று சொல்லாதவரை அது ஓர் அளவு ஆகாது. .32 ரவை அந்தத் தூரத்தைக் கடந்தும் ஆளைக் கொல்லும். அதில் இந்தத் துப்பாக்கிக்கென்று தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை.

உற்பத்தியாளர் எண்களுக்கு ஆதரவாக வழக்கமாக ஒரு வாதம் வரும்: எல்லாரும் ஒரே முறையில் அளக்கிறார்கள், ஆகவே எண் சற்றுக் கூடினாலும் ஒப்பிட உதவும். இதில் பாதி உண்மை. அமெரிக்கத் தொழில்துறையின் சாமி (SAAMI) தரம் அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் வரம்பு கட்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பொய் எழுதுவதில்லை. எண்களே இல்லாவிட்டால் கடைக்காரர் வாய்ச்சொல்தான் மிஞ்சும். இவ்வளவும் சரி.

ஆனால் அந்த வேகம் எந்தக் குழலில் எடுத்தது? 1935இல் .357 மேக்னம் வந்தபோது விநாடிக்கு 1,515 அடி என்று விளம்பரமானது. அளந்த குழலின் நீளம் எட்டே முக்கால் அங்குலம். இடுப்பில் செருகும் நான்கு அங்குல ரிவால்வரில் அந்த வேகத்துக்கு வழியில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வாயு வேறு கசியும். 1970களில்தான் கசிவுக்கு இடம்விட்ட நான்கு அங்குலச் சோதனைக் குழலுக்குத் தொழில்துறை மாறியது. இன்று அதே 158 கிரேன் எடையுள்ள ரவைக்கு அச்சாகும் வேகம் 1,235 அடி அளவில் நிற்கிறது. பேலியகொடை மீன் சந்தையில் ஐஸோடு நிறுத்த கிலோவை நம்பி வீட்டுக் கறிக்குக் கணக்குப் போட முடியாது. குழல் நீளம் சொல்லாத வேகமும் அப்படித்தான்.

வேகமாவது கருவி காட்டும் எண். என் நெடுநாள் மறுப்பு ரவைப் பெட்டியில் அதற்குப் பக்கத்தில் அச்சாகும் ஆற்றல் எண்ணான ஜூல் பற்றியது. அதை எவரும் அளப்பதில்லை. 1742இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ், ரவை மோதும் தன் ஊசலில் கண்டது ரவையின் உந்தத்தை. இன்றைய குரோனோகிராஃப் காட்டுவது வேகத்தை. ஜூல் என்பது நிறையோடு வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்கிப் பாதியாக்கிய கணக்கு. அதனால் வேகத்தில் புகுந்த ஊதல் இங்கே இன்னும் பெருக்கும். மேலே சொன்ன .357இல் வேகம் குறைந்தது ஏறத்தாழ 18 வீதம். ஆற்றலோ 1,092 ஜூலிலிருந்து 725க்கு, மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது.

அதைவிடக் கெடுதல், வர்க்கம் எப்போதும் இலேசான, வேகமான ரவையின் பக்கம் சாய்வது. 9 மில்லிமீட்டரில் 115 கிரேன் ரவை 1,225 அடி வேகத்தில் 519 ஜூல் காட்டும். 147 கிரேன் ரவை 990 அடியில் 434 ஜூல்தான். பெட்டியை மட்டும் பார்ப்பவர் முதலாவதைத்தான் எடுப்பார். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர் சுட்டதும் 115 கிரேன் சில்வர்டிப் ரவைதான். அது கொள்ளைக்காரர் மைக்கேல் பிளாட்டின் வலது கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தைத் தொடாமல் சற்று முன்னரே நின்றுவிட்டது. அதன் பிறகும் அவர் தொடர்ந்து சுட்டார். அன்று இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். ஜூல் குறைந்ததால் அல்ல, ஆழம் போதாததால் அந்த ரவை தோற்றது. 1989இல் எஃப்.பி.ஐ. வெளியிட்ட அறிக்கை கைத்துப்பாக்கி ரவைக்கு முதன்மையானது ஊடுருவும் ஆழம் என்று வைத்தது. உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் 10 வீத ஜெலட்டினில் 12 அங்குலமாவது போக வேண்டும் என்ற அளவுகோல் அந்தக் காலத்துச் சோதனைகளில் உருவானதுதான். அது தெரிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெட்டிகளில் ஜூல் வரி அப்படியே இருக்கிறது. பெரிய எண் விற்கும் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இலங்கையில் சாதாரண ஆளின் கைக்குக் கைத்துப்பாக்கி எளிதில் வராது, நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கொழும்பில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் இந்த எண்களை எடுத்துப் போட்டு ‘சக்திவாய்ந்த ஆயுதம்’ என்று எழுதுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: குழல் நீளமும் ஜெலட்டின் ஆழமும் கிடைக்காத இடத்தில் ஜூலை எழுதாதீர்கள். உற்பத்தியாளர்கள் அந்த வரியை நீக்கிவிட்டு, அதே இடத்தில் சோதனைக் குழலின் நீளத்தை அச்சிட வேண்டும்.