எபிரெய வகுப்பில் ஒரு சிறு சொல்

சேலம், நாமக்கல் சமவெளியின் கிராமச் சபைகளிலிருந்து இறையியல் பயில வருவோர் எபிரெயத்தை ஆங்கில இலக்கணத்தின் வழியே கற்கின்றனர். 1939இல் வெளிவந்த வைங்கிரீன் இலக்கணம் தெளிவானதே. ஆயினும் அது தமிழ் மாணவனுக்கென எழுதப்பட்டதன்று.

சங்கீதம் 46:1 (மூலத்தில் 46:2), 90:1 ஆகிய ஈரிடத்தும் எபிரெயச் சொல் ‘லானு’ ஒன்றே. நம் பழைய வேதாகமமோ முன்னதில் ‘நமக்கு’ என்றும், பின்னதில் ‘எங்களுக்கு’ என்றும் பெயர்த்துள்ளது. பின்னது தேவனை நோக்கிய விண்ணப்பமாதலால் வேறு வழியில்லை. முன்னதிலோ இரண்டிற்கும் இடமுண்டு. ‘எங்களுக்கு’ என்றிருப்பின், ஞானஸ்நானம் பெறாது ஓரத்தில் நின்று கேட்பவர் அவ்வடைக்கலத்திற்குப் புறம்பாகியிருப்பார். இத்தெரிவை மதிப்பிடும் தகுதி முதலாண்டுத் தமிழ் மாணவனுக்கு உண்டு. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லாமையால் அவன் விகுதியை மனனஞ்செய்து கடந்துவிடுகிறான். விகுதிப் பட்டியலை நாம் இகழவில்லை. அதனருகே தமிழ் வேதாகமமும் விரிந்திருக்க வேண்டுமென்கிறோம்.