கரடியூர் எந்த எண்ணிக்கையில் வரும்?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்காமல் உள்மாவட்டங்களையும் புரட்டிப் போட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிற மலைச்சாலையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்றது. அந்தத் தகவல் உடனுக்குடன் பரவியதில் டிஜிட்டல் ஊடகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மலையில் யாரோ கைபேசியில் எடுத்த காட்சி சேலத்துப் பகுதிநேரச் செய்தியாளருக்குப் போகும். அவரிடமிருந்து சென்னை டெஸ்க்குக்கு. அங்கிருந்து நியூஸ் கார்டாக லட்சக்கணக்கான கைகளுக்கு. காலைப் பேப்பரை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இந்த வேகத்தை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

சாலை திறந்தது. செய்தியும் முடிந்தது. காப்பிப் பழம் பறிக்கிற பருவம் அது. களத்தில் காயப்போட்ட காப்பி என்ன ஆனது, தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு எத்தனை நாள் கூலி போனது, ஏற்காடு மலையில் கரடியூர் போல உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களுக்கு பஸ் எப்போது திரும்பி வந்தது என்று இன்று தேடினால் அகப்படுவது மிகக் குறைவு. 'கரடியூர் வியூ பாயின்ட்' என்று தேடினாலோ வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு டெஸ்க்கில் இருக்கிற பிள்ளைகளின் அலட்சியம் காரணமல்ல. வேகமாக வளர்கிற ஒரு டிஜிட்டல் ஊடக நிறுவனத்தில் வேலை செய்தவன் நான். அவர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காரணம், அங்கே வேலையை அளக்கிற முறை. சுவரில் பெரிய திரை. அதில் இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஷிப்ட்டுக்கு இத்தனை செய்தி, மாதத்துக்கு இத்தனை வியூஸ் என்று ஒவ்வொருவருக்கும் டார்கெட். அப்ரைசல் அதை வைத்துத்தான்.

இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய பத்திரிகை அலுவலகங்களில் எது நல்ல செய்தி என்பதை மூத்த ஆசிரியர் சிலரின் ரசனை தீர்மானித்தது. அந்த ரசனையில் சாதியும் ஊரும் குடும்பப் பழக்கமும் கலந்திருந்தன. தர்மபுரியிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வந்த ஒரு பெண் தன் பெயரில் கட்டுரை வெளிவர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் அவள் சேர்ந்த வாரமே எழுதுகிறாள். எழுதியதை நாற்பதாயிரம் பேர் படித்தார்கள் என்று திரை சொன்னால், அதை மறுக்க எந்த மூத்தவராலும் முடியாது. எழுதுவது, குரல் கொடுப்பது, வீடியோ வெட்டுவது, தம்ப்நெயில் போடுவது, நேரலை நடத்துவது என அத்தனையையும் ஒரே ஆண்டில் கற்றுக்கொள்கிறாள். அந்த வளர்ச்சியின் உற்சாகம் உண்மையானது. மாதாமாதம் புது முகங்கள், புதுச் சேனல்கள், இருபத்தைந்து வயதில் ஒரு குழுவின் பொறுப்பு. தப்பாக எழுதினால் பத்தாவது நிமிடம் கமென்ட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் திருத்துகிறார். வாசகரோடு இவ்வளவு நெருங்கி நிற்கிற வாய்ப்பு தமிழ் இதழியலில் இதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

ஆனால் படித்தவர் எத்தனை பேர் என்று மட்டுமே அந்தத் திரைக்குச் சொல்லத் தெரியும். சொல்லப்படாமலே போனது எது என்று அதற்குத் தெரியாது. ஏற்காடு வட்டாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பகுதியினர் மலையாளிப் பழங்குடியினர். அவர்களைப் பற்றிய செய்தியைப் படிக்க வருகிறவர்கள் சில நூறு பேராக இருக்கலாம். வாரக்கடைசியில் ஏற்காட்டுக்கு வண்டி கட்டுகிறவர்களோ ஏராளம். 'ஒரே நாளில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று டெஸ்க்கில் உட்கார்ந்தபடியே எழுத அரைமணி நேரம் போதும். கிள்ளியூர் அருவி, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், கரடியூர் என்று ஏற்கெனவே யாரோ எழுதியதை மாற்றி எழுதி, கீவேர்டு சேர்த்து, மே மாதக் கோடை விழாவுக்கு முன் ஏற்றிவிட்டால் கூகுள் பார்த்துக்கொள்ளும். இப்படி எழுதுகிறவருக்கு மலை ஏறவேண்டிய தேவையே இல்லை. ஏறுகிறேன் என்று கேட்டாலும் அந்த நாளின் டார்கெட்டை யார் முடிப்பது?

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டியெடுத்த காலம் ஒன்று உண்டு. தோண்டிய இடங்கள் இன்று எப்படி இருக்கின்றன, சுற்றியுள்ள ஓடைகள் என்ன ஆயின என்று எழுத வேண்டுமானால் பழைய ஆவணங்களைத் தேட வேண்டும், நிலத்தில் நடக்க வேண்டும், அந்த ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று வார வேலை. அந்த மூன்று வாரமும் எழுதுகிறவரின் கணக்கில் பூஜ்யம் விழும். இந்தப் பூஜ்யத்தைத் தாங்கிக்கொள்ள நிறுவனத்தில் இடம் இருக்கிறதா என்பதுதான் நான் கேட்க விரும்புகிற கேள்வி.

இடம் இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் பஸ்ஃபீட் சாட்சி. 2006-ல் தொடங்கி, வினாடி-வினாக்களாலும் பட்டியல்களாலும் வளர்ந்த நிறுவனம் அது. அந்த வளர்ச்சியின் பணத்தில் ஒரு செய்திப்பிரிவை நடத்தினார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மேகா ராஜகோபாலனும் உடன் பணியாற்றிய இருவரும், சீனாவின் ஷின்ஜியாங் தடுப்பு முகாம்களைச் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு கண்டறிந்து எழுதினார்கள். 2021-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டில், 2023 ஏப்ரலில், அந்தச் செய்திப்பிரிவை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. பொறுமையான வேலைக்கு வளர்ச்சிதான் சோறு போட்டது. வளர்ச்சி தடுமாறியதும் அந்த வேலையைத்தான் பலி கொடுத்தார்கள். தமிழ் நிறுவனங்கள் பலவற்றில் அப்படியொரு பிரிவு தொடங்கப்படவே இல்லை என்பது இன்னும் வருத்தமானது.

வளர்ச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இன்னொருவர் கையில் இருக்கிறது. வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைத் தான் மிகைப்படுத்திக் காட்டிவந்ததாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதையொட்டி விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கில் பின்னர் 4 கோடி டாலர் தர இசைந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ எடுக்கிறவர்களைச் சேர்த்த நிறுவனங்கள் பல. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை நம்பியே வளர்ந்த சமூக ஊடக நிறுவனமான ஷேர்சாட், 2022-ல் சுமார் 500 கோடி டாலர் மதிப்புக்கு உயர்ந்தது. 2023 ஜனவரியில் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேரை நீக்கியது. தினமும் ஏறிய எண்ணைப் பார்த்து இரவு ஷிப்ட் பார்த்தவருக்கு, அந்த எண் இறங்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

சட்டமும் நெடுங்காலம் அவர் பக்கம் வரவில்லை. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டம், தொடர்ந்து நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. ஆனால் அது அச்சுப் பத்திரிகைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜிதியா ஊதியக் குழுப் பரிந்துரைகளை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோதும் இணைய டெஸ்க்கில் இருந்தவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில்தான் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் டிஜிட்டல் ஊடகமும் சேர்ந்திருக்கிறது. அதே 144 மணி நேர வரம்பு இப்போது இவர்களுக்கும் உண்டு. கேட்டுப் பெறுவதற்குச் சங்கம் வேண்டும். இளைஞர்கள் ஆண்டுக்கொரு நிறுவனம் மாறுகிற துறையில் அது எளிதல்ல என்றாலும், இப்போது தொடங்காவிட்டால் வரம்பு காகிதத்திலேயே நின்றுவிடும்.

எண்ணிக்கைத் திரையைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் வேறு சில கணக்குகளும் வேண்டும். இந்த மாதம் எத்தனை வட்டாரங்களுக்கு நேரில் போனோம்? எழுதிய செய்திகளில் எத்தனையை மறுபடி போய்ப் பார்த்தோம்? யார் சொல்லி எதைத் திருத்தினோம்? இவையும் எண்கள்தான், அப்ரைசல் படிவத்தில் இவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். சப்-எடிட்டருக்கு மாதத்தில் நான்கு நாளாவது டார்கெட் இல்லாத நாளாக இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பகுதிநேரச் செய்தியாளர். இந்த மொத்தக் கட்டடமும் அவர் தோள்மேல் நிற்கிறது, ஆனால் பல இடங்களில் அவருக்கு வெளியான செய்திக்கு மட்டும்தான் காசு. மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டு கரடியூர் வரை போய், பேசி, படம் எடுத்து அனுப்பியதை டெஸ்க் எடுக்கவில்லை என்றால் பெட்ரோல் செலவும் அவருடையதே. அடுத்த முறை அவர் போகமாட்டார். போனதற்கே பணம் என்று ஒரு விதி வந்தால் போவார். கோடை விழாவின் மலர்க்காட்சிக்கு கேமரா யூனிட் அனுப்பவும், வீடியோவைப் பூஸ்ட் செய்யவும் பணம் இருக்கிற நிறுவனத்துக்கு இது பெரிய செலவல்ல.